ஒரு ட்ரிப் ரத்தானால்

பையைத் திற என்றால் அந்தக் காலத்தில் ஆட்கள் திறந்தார்கள். இப்போது எதுக்கு என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, திறக்காமலே முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்பெல்லாம் வயிற்றுவலி வந்தவன் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்கு வந்தான். இப்போது மனசு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுக்கிறான். மேலதிகாரியும் அதை வாங்கிக்கொண்டு, போய் ஓய்வெடு ராசா என்கிறான். மனசு என்ன முழங்காலா, சரியில்லாமல் போவதற்கு? சோற்றைத் தின்பதற்கு முன்னால் படம் பிடிக்கிறார்கள். தின்ற பிறகு எடை பார்க்கிறார்கள். எடை ஏறினால் அழுகிறார்கள், அழுததையும் ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள்.

இதெல்லாம் கேட்டுக்காரரின் புகார்கள். சோப்பு ஆலை ஒன்றின் பெரிய கேட்டில் முப்பத்தெட்டு வருடம் நின்றவர் என்பதால் உறவும் தெருவும் அவரை அப்படித்தான் கூப்பிட்டன. மூன்றாம் வகுப்போடு படிப்பு அவரை விட்டதா, அவர் படிப்பை விட்டாரா என்பது அவருக்கே ஞாபகமில்லை. எண்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிடுவார், கொஞ்சம் அவகாசம் கொடுத்தால். முப்பத்தெட்டு வருடமும் அவர் செய்த வேலை, வெளியே போகிறவனின் பையைத் துழாவுவது. அதில் கற்ற பாடம் ஒன்றுதான்: ஒரு சோப்பைத் தானாக எடுத்துக் காட்டுகிறவன் இடுப்பில் மூன்று சோப்பு இருக்கும்.

கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் ஒருநாள் போன் செய்தான்.

"மாமா, அவளுக்குச் சர்க்கரை ஏறிடுச்சு. மனசும் பழையபடி படுத்துக்கிச்சு. நான் கரைக்கு வர இன்னும் அஞ்சு மாசம் ஆகும். கொஞ்சம் கூட இருந்து பார்த்துக்கோங்க மாமா."

பெண்டாட்டி போன பிறகு ஒண்டிக்கட்டையாக இருந்த மனிதர் அன்றைக்கே இரண்டு சட்டையையும் ஒரு டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மருமகன் எந்த அர்த்தத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னானோ தெரியாது. கேட்டில் நின்றவனிடம் பார்த்துக்கொள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மகளுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலமே, தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, நேரா சொல்லிடறேன். சர்க்கரையோட மூணு மாசச் சராசரி ஒன்பதரையில நிக்குது. அடுத்த டெஸ்ட்டுக்குள்ள ஏழுக்குக் கீழ வரணும். வரலைன்னா ஊசி. எங்க கம்பெனியில ஊசி போட்டுக்கற டிரைவரை ஸ்டியரிங்கில உக்கார விட மாட்டாங்க. பஸ்ஸுல தொலைஞ்சுபோன குடை, பையெல்லாம் வெச்சிருக்கற ரூம்ல ஒரு நாற்காலி கொடுப்பாங்க."

"நாற்காலி வேலைன்னா நல்லதுதானே? சம்பளத்தைக் குறைப்பானா?"

"குறைக்க மாட்டான். ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா நான் எந்திரிக்க மாட்டேன்பா."

அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுத்த நிறுத்தம் என்னவென்று சொல்கிற குரலில் சொன்னாள். கேட்டுக்காரருக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. ஆளை நம்ப வைக்கிற குரல் அது.

"இந்த மனசு மேட்டர்... அது எதனால வந்துச்சு?"

"எதனாலயும் வரலை."

"காரணம் இல்லாம எப்படிடி வரும்?"

"அதைத்தான் அஞ்சு வருஷமா நானும் கேட்டுட்டு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க." சிரித்தாள். "அதுக்கும் ஒரு மாத்திரை சாப்பிடறேன். வாரத்துக்கு ஒருநாள் ஒரு அம்மாகிட்ட போய்ப் பேசறேன். வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதியும் கொடுத்திருக்காங்க. போதுமா? முட்டையைச் சாப்பிடுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். பாதித் தட்டுக்குக் காய், கால் பங்கு சோறு, மீதியில் முட்டையும் பயறும். சோற்றை ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து கவிழ்த்திருந்தாள், பிள்ளைகள் மணலில் வீடு கட்டுவதுபோல.

"எனக்கு எதுக்கு இது? எனக்கென்ன நோயா?"

"ஒரே அடுப்புதான்பா."

குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டிப்போவில் டிரைவர்கள் எழுதுகிற ட்ரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டிருந்தாள். முதல் கட்டத்தில் நேரம்: ஐந்து நாற்பது, எட்டே கால், பத்தே கால், ஒன்று, நான்கு, ஏழரை. அடுத்த கட்டத்தில் ஓடியது, தாமதம், ரத்து. கடைசிக் கட்டம் அகலமானது. அதன் தலையில் காரணம் என்று எழுதியிருந்தது. கேட்டுக்காரர் மறுநாள் காலை அவள் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்று கூட்டிப் படித்தார். முந்தின வாரத்தில் ஒரு வரி அவர் கண்ணைக் குத்தியது. நான்கு மணி: இனிப்பு பன் இரண்டு. காரணம்: தெரியவில்லை.

இரண்டு என்று எழுதியிருக்கிறாள் என்றால் தின்றது ஆறு. அவருக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் கேட்டே விட்டார்.

"திங்கறதையும் தின்னுட்டு எழுதி வேற வெக்கறியே, அது என்ன?"

"ஓடாத ட்ரிப்பையும் ஷீட்ல எழுதணும்பா. எழுதலைன்னா அந்த வண்டி எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"எழுதிட்டா பன்னு வயித்துல இருந்து வெளிய வந்துருமா?"

"வராது. ஆனா முன்ன எல்லாம் என்ன ஆகும் தெரியுமா? நாலு மணிக்கு ஒரு பன்னு தின்னுடுவேன். உடனே, அவ்வளவுதான், இன்னிக்கு நாசமாப் போச்சுன்னு ராத்திரிக்கும் தின்னுடுவேன். அடுத்த நாளும். ஒரு வாரம் படுக்கையிலேயே போயிடும். ஒருநாள் டிப்போவுல உக்காந்திருந்தப்போ தோணிச்சு. ஒரு ட்ரிப் ரத்தானா அடுத்த ட்ரிப்பையும் ரத்து பண்ணுவாங்களா? பண்ண மாட்டாங்க. ஏழரை வண்டி ஏழரைக்குக் கிளம்பிடும். நாலு மணி வண்டி பள்ளத்துல கிடந்தாலும் சரி."

பேச்சு நன்றாக இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்களைத்தான் அவர் கேட்டில் இரண்டு முறை துழாவுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நிற்காமல் சமைத்தாள். காய் நறுக்கி, பயறு வேகவைத்து, மீனை வேகவைத்து, இருபது டப்பாக்களில் அடைத்து, குளிர்பெட்டியில் அடுக்கினாள். டப்பாக்களின் மேல் எண்ணைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை.

"எது என்னன்னு எழுத வேண்டாமா?"

"வேண்டாம். எழுதினா எதை எடுக்கலாம்னு யோசிக்கணும். மோசமான நாள்ல எனக்கு மெல்றதுக்குத் தெம்பு இருக்கும்பா, யோசிக்கத்தான் இருக்காது. மேல இருக்கறதை எடு, தின்னு. முடிஞ்சுது."

இப்படி ஆறு வாரம் போனது. கேட்டுக்காரர் குப்பைக்கூடையைக் கிளறினார், தலையணையைத் தூக்கிப் பார்த்தார், சீருடைப் பாக்கெட்டுகளை முகர்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாதபோதுதான் அவருக்குச் சந்தேகம் முற்றும். கேட்டில் வளர்ந்த புத்தி அப்படி. கடைசியில் டெஸ்ட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு விடியற்காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து டிரைவர் பையைத் திறந்தார். டப்பா, தண்ணீர், ரத்தம் பார்க்கிற சின்ன மெஷின், துண்டு. பக்கவாட்டு ஜிப்பை இழுத்தார்.

மிட்டாய். கலர் காகிதம் சுற்றிய மிட்டாய், எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

கையுங்களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனால் கேட்டுக்காரர் கத்தவில்லை. அவர் தொழிலில் அதற்கு ஒரு முறை உண்டு. பொருளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட வேண்டும். பிறகு ஆள் எங்கே போய் மறுபடி வாங்குகிறான் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மிட்டாயையும் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

எட்டு மணிக்கு மேல் இருபத்தேழாம் நம்பரின் கடைசி இருக்கையில் ஒரு கம்பளிக் குல்லா ஏறி உட்கார்ந்தது. அடிக்கிற வெயிலில் அந்தப் பஸ்ஸில் கம்பளிக் குல்லா போட்ட ஆள் அவர் ஒருவர்தான். கண்டக்டருக்கு எல்லாரும் வைத்த பெயர் விசில். அவன் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டு, "பெரியவரே, உள்ள பனி பெய்யுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மகள் வண்டி ஓட்டுவதைக் கேட்டுக்காரர் அதுவரை பார்த்ததில்லை. முதல் ட்ரிப் முழுக்க அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் ஆடவில்லை. தடி ஊன்றிய கிழவி ஒருத்தி ஏறி, இடம் தேடி, உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்யும் வரைக்கும் வண்டி நகரவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள்; பன்னும் கேக்கும் கண்ணாடிக்குள் பளபளத்தன. கேட்டுக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவள் கடைக்குப் போனாள், சர்க்கரை இல்லாத டீ ஒன்றைக் குடித்தாள், திரும்பி வந்தாள். வண்டி எடுத்தாள்.

திரும்பி வரும்போது வழியில் குழாய் உடைந்து ரோடு குளமாகி நின்றது. பத்தே கால் ஆனது, பத்தரை ஆனது. நெரிசலுக்குள் அவளால் ஸ்டியரிங்கை விட்டுக் கை எடுக்க முடியவில்லை, டப்பாவைத் திறக்க முடியவில்லை. ஒருவழியாகத் தண்ணீரைத் தாண்டி வண்டி ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் மெதுவாக ஓரம் ஒதுங்கியது. நாலு பக்க விளக்கும் மினுக்கின. கைபிரேக் இழுபட்டது. இன்ஜின் நின்றது.

"என்னம்மா, இறங்கித் தள்ளணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

அவள் திரும்பவில்லை. பையை மடியில் வைத்துப் பக்கவாட்டு ஜிப்பைத் திறக்க முயன்றாள். விரல்கள் வழுக்கின. திறந்தாள், உள்ளே கையை விட்டாள், மறுபடி விட்டாள். பின்கழுத்தில் வேர்வை ஓடுவது கடைசி இருக்கைக்கே தெரிந்தது.

"விசில்... என் மிட்டாயைக் காணோம்."

விசிலுக்கு விஷயம் தெரியும். முகம் மாறிவிட்டது அவனுக்கு. "யார்கிட்டயாவது மிட்டாய், ஜூஸ், சர்க்கரை எதாவது இருக்கா? சீக்கிரம்! டிரைவர் அக்காவுக்குச் சர்க்கரை இறங்கிடுச்சு!"

"சர்க்கரைக்காரிக்கு மிட்டாயா? ஆளைக் கொல்லப் பாக்கறியா?"

"இறங்கினா நல்லதுதானேப்பா, ஏறினாத்தானே வியாதி?"

"ரொம்ப இறங்கினா உசிரே போயிடும், சும்மா இருய்யா! எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆச்சு. மாத்திரை போட்டுட்டு சாப்பாடு தள்ளிப்போச்சுன்னா இப்படி ஆகும். அதுக்குன்னுதான் மிட்டாய் வெச்சுக்குவாங்க."

கேட்டுக்காரர் எழுந்தார். கடைசி இருக்கையிலிருந்து டிரைவர் இருக்கைக்கு எத்தனை அடி இருக்கும்? முப்பது இருக்கலாம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, அள்ளி, மகளுக்கு முன்னால் நீட்டினார். காகிதத்தைப் பிரிக்க அவளுக்கு வரவில்லை. அவரே பிரித்து வாயில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அவள் மென்றாள். வெளுத்த முகத்தோடு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"குல்லா நல்லாருக்குப்பா" என்றாள்.

விசில் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு ஆளை எரிக்கலாம். அவள் மெஷினை எடுத்து விரலைக் குத்திக்கொண்டாள். அந்த நேரத்துச் சர்க்கரை ஐம்பத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போகக் கூடாதது. கடிகாரத்தைப் பார்த்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினாள். தொண்ணூற்றாறு. பத்தே கால் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

"சரியாயிடுச்சுல்ல? எடும்மா வண்டிய, ஆபீசுக்கு நேரமாகுது" என்றார் முன்னால் இருந்தவர்.

"விசில், டிப்போவுக்குப் போன் போடு. வேற டிரைவர் வரட்டும். நான் இன்னிக்கு ஓட்டக் கூடாது."

கேட்டுக்காரர் குனிந்து காதோரமாகச் சொன்னார். "ஏய், போன்லாம் எதுக்கு? நம்பர்தான் ஏறிடுச்சே. ஓட்டிட்டுப் போயிடு. மேல தெரிஞ்சா உன்னை வண்டிய விட்டு இறக்கிடுவான்டி."

"பின்னாடி நாப்பது பேர் உக்காந்திருக்காங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். ட்ரிப் ஷீட்டை எடுத்து மடியில் வைத்தாள். ட்ரிப் பாதியில் ரத்து. காரணம்: ஓட்டுநருக்குச் சர்க்கரை இறங்கியது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.

"அப்பன்காரன் மிட்டாயைத் திருடினான்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

"காரணம்னு இவ்வளவு அகலமா இருக்கே!"

"நான் பத்தே காலுக்குச் சாப்பிடலை. காரணம் அதுதான். நீங்க எடுத்ததுக்கு வீட்டுல வந்து தனியா திட்டறேன்."

முப்பத்தெட்டு வருடத்தில் தன்மேல் தானே குற்றம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு ஆளைக் கேட்டுக்காரர் பார்த்ததில்லை. அதுவும், தப்பிக்க வழி இருக்கும்போது. அவளுடைய எந்த மடிப்பில் இன்னொரு சோப்பு இருக்கும் என்று பழக்கதோஷத்தில் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

டிப்போ மேனேஜர் நல்லவன்தான். ஆனாலும் விதி விதிதான் என்றான். டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை வண்டி கிடையாது. டாக்டரைப் பார்க்கிற நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரைத் திட்டுவதாகச் சொன்னாளே தவிர, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முதல் இரண்டு நாள் வீட்டைத் துடைத்தாள், துணி துவைத்தாள். மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை.

மகள் சொன்ன அந்தப் படுத்துக்கொள்ளுதலை அவர் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அவள் தூங்கவில்லை. கண் திறந்தே இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், சுவரில் ஒன்றும் இல்லை. எழுந்து முகத்தைக் கழுவிட்டு நாலு அடி நடந்தா சரியாயிடும் என்றார். எனக்கும் உங்க அம்மா போனப்ப இருந்துச்சு, நான் படுத்தேனா என்றார். சோம்பலுக்கு இடம் கொடுத்தா அது பாயைக் கேட்கும் என்றார். அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, அவள் சுவரைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, மணி என்ன?"

"எட்டு பத்து."

"எட்டே காலுக்குச் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. மணி மட்டும் சொல்லுங்க."

ஐந்து நிமிடம் கழித்துக் கதவில் இரண்டு தட்டு தட்டினார். ஆலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் தட்டுகிற அதே இரண்டு தட்டு.

"மணி எட்டே கால்."

உள்ளே பாதம் தரையில் உரசியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. சமையலறை வரை வந்தவள், நாற்காலியை இழுக்கத் தெம்பில்லாமல் குளிர்பெட்டியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். மேலே இருந்த டப்பாவை எடுத்தாள். சூடு பண்ணவில்லை. மூடியைத் திறந்து ஒரு வெள்ளரித் துண்டை வாயில் வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள். விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதற்கும் வாய்க்கும் சம்பந்தமில்லாததுபோல் அடுத்த துண்டை எடுத்தாள்.

கேட்டுக்காரர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலையில் அவர் பாரம் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். கொதிக்கிற அண்டாவைக் கிளறுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு கஷ்டமான வேலையை யாரும் செய்து பார்த்ததில்லை. எட்டே காலுக்கு ஆரம்பித்தவள் ஒன்பதுக்கு முடித்தாள். டப்பாவில் பயறு கொஞ்சம் மீதி. எட்டிப் பென்சிலை எடுத்து, கதவிலிருந்த தாளில் தாமதம் என்று எழுதினாள். காரணத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பத்தே கால் ரத்தானது. ஒரு மணி ரத்தானது. நான்கு மணிக்கு அவர் கதவைத் தட்டினார். வந்தாள்.

அதிலிருந்து அது அவர் டூட்டி ஆகிவிட்டது. ஆறு நேரமும் இரண்டு தட்டு, மணி, வேறு பேச்சு இல்லை. வாய் நமநமக்கும்; பல்லைக் கடித்துக்கொள்வார். சில நாள் ஆறில் ஐந்து ஓடின. ஒருநாள் இரண்டுதான். ஒரு சாயங்காலம் அவளே கீழே கடைக்குப் போய்விட்டுக் கையில் பொட்டலத்தோடு வந்தாள். கேட்டுக்காரர் அந்தப் பையைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்துக் கை முன்னால் நீண்டது. பின்னால் கட்டிக்கொண்டார். அவள் போய் எழுதினாள். பன் ஒன்று. காரணம்: கடை திறந்திருந்தது.

"இது காரணமாடி?"

"உண்மைதானேப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். பல நாள் கழித்து அந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ஏழரைக்கு அவர் தட்டுவதற்கு முன்பே வந்து, மேல் டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளால் சமைக்க முடியவில்லை. டப்பாக்கள் காலி. கேட்டுக்காரர் வாழ்நாளில் முதல்முறையாகக் காய் நறுக்கினார். துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் திறக்காமலே, "பாதி காய்ப்பா... சோறு கிண்ணத்தால அளந்து... தட்டி அளக்காதீங்க, அது ஒண்ணரைக் கிண்ணம் ஆயிடும், எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டே எப்படிப் பிடிச்ச?"

"உங்க பொண்ணுப்பா."

பத்தொன்பதாம் நாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். கண்ணாடி போட்ட சின்ன வயதுப் பெண். பஸ்ஸில் நடந்தது முதல் மாத்திரை வரை எல்லாவற்றையும் மகளே சொன்னாள். மிட்டாய் எங்கே போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. கேட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான்தான் எடுத்தேன். திருட்டுத்தனமா திங்கறாள்னு நெனச்சேன்" என்றார்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வாயிலிருந்து அந்த எண் வருவதற்குள் கேட்டுக்காரருக்கு உயிர் போய் வந்தது. மகள் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள், கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு.

"ஆறு புள்ளி எட்டு."

மகளின் கோத்திருந்த கை பிரிந்தது.

"அன்னிக்கு பஸ்ஸுல எதுக்கு இறங்கிச்சுன்னு தெரியுதா?" என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டாள். "ஒன்பதரையில இருந்தப்போ கொடுத்த மாத்திரை அது. அந்த அளவு இப்ப இவங்களுக்கு அதிகம். சாப்பாடே பாதி வேலையைச் செஞ்சிடுச்சு. திருட்டுத்தனமா தின்னிருந்தாங்கன்னா இறங்கியே இருக்காது. அந்த மாத்திரையை நிறுத்திடறேன். வேற கொடுக்கறேன், அது இப்படி இறக்காது. ஊசி வேண்டாம். ரெண்டு வாரம் நம்பரைப் பார்த்துட்டு வண்டி ஓட்டலாம்னு எழுதித் தரேன்."

கேட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையில் பிடிபட்ட பன்னிரண்டு மிட்டாயும் ஒரு நேர்மையான ஆளுடையவை. அப்படி ஒரு ஆளைப் பெற்றது தான்தான் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணு சொல்லட்டுமாய்யா?" டாக்டர் விடவில்லை. "மனச்சோர்வு இருக்கற ஒரு நோயாளி சாப்பாட்டை வெச்சு இவ்வளவு கொண்டு வர்றது லேசு இல்ல. அது சோம்பல் இல்ல, நோய். மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னா..." ஒரு தாளை எடுத்து மூளையை வரைந்தாள். இங்கிருந்து அங்கே அம்புக்குறி போட்டாள். இந்த இடத்தில் சேதி போக வேண்டும், போவதில்லை என்றாள். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்; அப்பாவுக்குப் படம் போட்டு விளக்கிய ஆளை அவள் இதுவரை கண்டதில்லை.

கேட்டுக்காரர் பொறுமையாக முழுவதையும் கேட்டார். தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"படம் நல்லா போடறீங்க."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. நம்பலை."

"அப்பா!"

"நீ இரு. ஏம்மா டாக்டர், நோயாளியை நான் பார்த்திருக்கேன். நோயாளி படுத்துக்கிடப்பான், மத்தவங்க பார்த்துக்குவாங்க. இவ ஒரு வெள்ளரித் துண்டைத் திங்க முக்கால் மணி நேரம் பாடுபட்டதை நான் நின்னு பார்த்தேன். என் ஆலையில ஆயிரம் பேர் வேலை செஞ்சான். இப்படி வேலை செஞ்சவன் ஒருத்தன் இல்ல. அதைப் போய் நோய்ங்கறீங்க. இதுக்கு வேற எதாவது பேர் வெச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

"பேரு எதுவா இருந்தாலும்யா..."

"வரேன்மா."

தாளை மேஜையில் வைத்தார். கதவைத் திறந்து, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, படியிறங்கி வெயிலுக்கு வந்தார். அம்புக்குறியாம், சேதி போகவில்லையாம் என்று முனகிக்கொண்டே தெருவில் நடந்தார். மேலே ஜன்னலிலிருந்து மகள் கூப்பிட்டாள்: "அப்பா, நில்லுங்க! மருந்துச் சீட்டு வாங்கிட்டு வந்துடறேன்!" கையைத் தூக்கி ஆட்டினாரே தவிர, அவர் நிற்கவில்லை.